ஒரிஜினல் கல்தான், ஆனால் என்ன செய்த கல்? ரத்தின ட்ரீட்மென்ட்டின் வரலாறு, எளிய விளக்கம்

நகைக்கடையில் "இது ஒரிஜினல் கல்தானே?" என்று கேட்டால் "ஒரிஜினல்தான்" என்று பதில் வரும். பெரும்பாலும் அதில் பொய்யில்லை. கல் மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததுதான். தோண்டியபோதே அது இந்த நிறத்திலும் தெளிவிலும் இருந்ததா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காமலே சொல்கிற வியாபாரிகள் அதைவிடக் குறைவு.

இன்று சந்தைக்கு வரும் நீலக்கல்லிலும் மாணிக்கத்திலும் பெரும்பான்மை உலைக்குள் போய் வந்தவை. மரகதத்தில் எண்ணெய் ஏறாதது அரிது. அடர்நீல டோபாஸ் என்று விற்பது அநேகமாக எல்லாமே நிறமற்ற டோபாஸாகப் பிறந்து, கதிர்வீச்சு வாங்கி நீலமானவை. வியாபாரத்தில் இதையெல்லாம் சேர்த்து 'ட்ரீட்மென்ட்' என்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ட்ரீட்மென்ட் செய்த கல் என்பது இயற்கைக் கல்லேதான். நிறத்தையோ தெளிவையோ மனிதர் மாற்றியிருக்கிறார்கள். செயற்கைக் கல் என்பது அதே கனிமத்தை ஆய்வகத்தில் வளர்த்தது. போலிக் கல் என்பது பார்வைக்கு ஒத்த வேறு பொருள்: அமெரிக்கன் டயமண்ட் என்று நாம் சொல்லும் க்யூபிக் ஸிர்கோனியாவில் கார்பன் அணு ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

தேனும் சாணி வரட்டியும்

ட்ரீட்மென்ட்டில் மிகப் பழையது சூடு. சூதுபவளம் என்று நம் அகழாய்வு அறிக்கைகள் சொல்லும் சிவப்பு மணிகள் கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கல் பெரும்பாலும் மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் மண்ணிலிருந்து வரும். சிவப்பாக்குவது நெருப்பு. குஜராத்தின் கம்பாத்தில் இந்த வேலை ஹரப்பா காலத்து மரபின் தொடர்ச்சியாக அண்மைக்காலம்வரை நடந்துவந்திருக்கிறது. கல் உருண்டைகளை முதலில் வெயிலில் நாள்கணக்காகக் காயவைப்பார்கள். பிறகு மண்சட்டியில் அடுக்கி, வரட்டியோ மரத்தூளோ போட்டு மூட்டம் போடுவார்கள். இரவு முழுக்கப் புகைந்து, தானாகவே ஆறவேண்டும். சூடு 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். நிறம் போதவில்லையென்றால் மறுபடியும் மூட்டம்.

கல்லுக்குள் நுண்ணிய துகளாக இருக்கும் மஞ்சள் இரும்புச் சேர்மம் தன் நீரை இழந்து சிவப்பு ஹீமடைட் ஆகிறது. நடப்பது அவ்வளவுதான். வெயிலில் காயவைக்காமல் அவசரப்பட்டால் கல்லின் நுண்துளைகளில் இருக்கும் நீர் ஆவியாகி உருண்டையை உடைத்துவிடும். நெருப்பிலிருந்து சட்டென்று வெளியே எடுத்தாலும் விரிசல்தான். இந்த இரண்டு எச்சரிக்கைகளும் 1,800 டிகிரி மின் உலைக்கும் அப்படியே பொருந்தும்.

ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் கற்களைத் தேனில் வேகவைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். தேன் எப்படிக் கல்லை அழகாக்கும் என்பதற்கு விடை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைன் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறது. அகேட் கல்லைச் சர்க்கரைப் பாகில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு அடர் கந்தக அமிலத்தில் போட்டால், நுண்துளைகளில் ஏறிய சர்க்கரை கரியாகிவிடும். கருப்பு ஓனிக்ஸ் என்று கடைகளில் விற்பதில் மிகுதி இப்படி ஆனதுதான். ஸ்படிகத்தை மரகதமாக்குவது எப்படி என்று சொல்லித்தரும் நூல்கள் இருப்பதாகவும், அவற்றின் பெயரைத் தான் சொல்லப்போவதில்லை என்றும் அதே பிளினி எழுதுகிறார். அவர் மறைத்த சங்கதி எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் சுவடியில் வெளிவந்தது. கி.பி. 300 வாக்கில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கும் அதில் ஏறக்குறைய 150 செய்முறைகள். பாதிக்குப் பாதி கற்களுக்குச் சாயம் ஏற்றுவது பற்றியவை.

கல்லைத் தொடாமலே நிறம் கூட்டும் வழியும் அப்போதே இருந்தது. கல்லின் அடியில் மெல்லிய உலோகத் தாள் வைத்துப் பின்பக்கத்தை மூடிவிடுவது. வடசேரி கோயில் நகைகளில் கெம்புக் கல்லுக்கு அடியில் தாள் வைத்துக் கட்டுவது இந்த வகை. இதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. கட்டடத்தின், அதாவது கல் பதிக்கும் அமைப்பின், பகுதியாகவே அது இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பின்பக்கம் மூடிய நகையில் கல்லின் உண்மையான நிறத்தையோ தெளிவையோ யாராலும் தீர்மானிக்க முடியாது. கழற்றித்தான் பார்க்கவேண்டும். மூடிய கட்டடத்தில் உள்ள நகை நீரில் ஊறினால் தாள் கறுத்துக் கல் மங்கிப்போகும்.

ஊதுகுழலிலிருந்து உலைக்கு

மாணிக்கமும் நீலமும் கனகபுஷ்பராகமும் ஒரே கனிமம்: குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்ஸைடு. தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது. குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் அடுத்தடுத்த இடங்களில் அமர்ந்து எலக்ட்ரானைப் பரிமாறிக்கொண்டால் நீலம். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் கடந்த ஆயிரம் வருட ட்ரீட்மென்ட் வரலாற்றில் பாதி புரிந்துவிடும்.

11ஆம் நூற்றாண்டிலேயே அல்-பிரூனி மாணிக்கத்தைச் சூடாக்கி அதன் கருமையைப் போக்குவதைப் பதிவு செய்கிறார். இலங்கையில் அந்த வேலை ஊதுகுழலால் நடந்தது. ஊதா சாயல் ஓடும் மாணிக்கத்தை ஈரச் சுண்ணாம்பிலோ களிமண்ணிலோ பொதிந்து, சிரட்டைக்கரித் தணலுக்குள் வைத்து, குழல் வழியே வாயால் விடாமல் ஊதுவார்கள். 1,000 டிகிரிக்கு அருகே போய்விடும். காற்று நிறையப் படுவதால் கல்லில் இருக்கும் இரும்பு ஆக்ஸிஜன் ஏறிய நிலைக்கு மாறுகிறது, டைட்டானியத்தோடு அதன் பரிமாற்றம் அறுந்துபோகிறது, நீலம் விலகுகிறது, மிஞ்சுவது சுத்தமான சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. ஊதியவர்களுக்கு எலக்ட்ரான் தெரியாது. எந்தக் கல் மாறும், எது மாறாது என்பது தெரிந்திருந்தது.

இதன் எதிர்த்திசை வேலைதான் 1970களில் ரத்தின வியாபாரத்தையே மாற்றியது. இலங்கைச் சுரங்கங்களில் 'கெவுடா' என்றொரு கல் நிறையக் கிடைக்கும். பால் கலந்ததுபோல் மங்கலான, நிறம் தேறாத குருந்தம். நகைக்கு உதவாது என்று அற்ப விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மூட்டை மூட்டையாக வாங்கத் தொடங்கினார்கள். அங்கே உலையில் வைத்து எடுத்தபோது முதல்தர நீலமாக வந்தது. அந்த ரகசியம் இலங்கைக்குத் தெரியவருமுன் போன சரக்கு போனதுதான். பிறகு இரத்தினபுரியிலும் பேருவளையிலும் உலைகள் வந்தன; எரிவாயுவும் ஆக்ஸிஜனும் கலந்து எரியும் உலைகளை இலங்கையிலேயே செய்தார்கள்.

கெவுடாவின் பால்நிறத்துக்குக் காரணம் அதற்குள் பட்டு இழைபோல் பரவியிருக்கும் ரூட்டைல் ஊசிகள். ரூட்டைல் என்பது டைட்டானியம் ஆக்ஸைடு. நீலத்துக்கு வேண்டிய சரக்கு கல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் ஊசியாகத் திரண்டு பயன்படாமல் கிடக்கிறது. 1,500 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் ஊசி கரைந்து டைட்டானியம் கல்லின் அணுவரிசைக்குள் நுழைகிறது. கூடவே உலைக்குள் ஆக்ஸிஜனைக் குறைத்து வைத்தால் இரும்பும் நீலத்துக்கு ஏற்ற நிலைக்கு வருகிறது. மங்கலும் போகிறது, நீலமும் வருகிறது. ஒரே வேலையில் இரண்டு லாபம்.

வேலை நடக்கும் வரிசை இது. முதலில் கல்லைத் தேர்ந்தெடுப்பது; இதில்தான் திறமை முழுவதும். கெவுடாவிலேயே டீசல், பால், பட்டு, மெழுகு என்று தோற்றத்தை வைத்துப் பிரிப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் டீசல் எண்ணெய்போல் தெரியும் வகைக்கு மதிப்பு அதிகம். அடுத்து, பெரிய விரிசலையும் ஓரத்துக் கனிமத் துண்டுகளையும் உராய்ந்து நீக்குவார்கள். அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) கற்களை வைத்து மூடி, உலையில் மெதுவாகச் சூடேற்றுவார்கள். உச்சச் சூடு பொதுவாக 1,600 முதல் 1,850 டிகிரி. குருந்தம் உருகுவது 2,050இல். அதனால் மேலே போக இடம் அதிகமில்லை. உச்சத்தில் சில மணி நேரம் வைத்து, மறுபடி மெதுவாக ஆறவிடவேண்டும்.

கெடுவதற்கு வழிகள் ஏராளம். உள்ளே ஸிர்க்கான் போன்ற வேறு கனிமத் துண்டு இருந்தால் அது குருந்தத்துக்கு முன்பே உருகி அல்லது சிதைந்து, விரிந்து, தன்னைச் சுற்றி வட்டத் தட்டுப்போல் விரிசல் விடும். மூசையில் மணல் ஒட்டியிருந்தால் கல்லின் மேற்பரப்பு கண்ணாடிபோல் உருகி வழியும். ஆக்ஸிஜன் அளவு தவறினால் நீலம் வராது, அல்லது மை போல் கறுத்துவிடும். கறுத்த கல்லைக் காற்றோட்டமுள்ள உலையில் மறுபடி வைத்துச் சற்று வெளிற வைக்கலாம். உடைந்ததை ஒன்றும் செய்யமுடியாது. கனகபுஷ்பராகத்துக்கு வேண்டிய மஞ்சள் நிறத்துக்கு ஆக்ஸிஜன் நிறைந்த உலைதான் சரி.

ஆய்வகம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கெடுதல்களே சாட்சி. நுண்நோக்கியில் பார்த்தால், சூடு படாத கல்லில் ரூட்டைல் ஊசிகள் முனை முறியாமல் நீண்ட கோடுகளாக, ஒன்றையொன்று 60 டிகிரியில் வெட்டிக்கொண்டு மின்னும். சூடு கண்ட கல்லில் அதே கோடு துண்டு துண்டாகி, புள்ளிக் கோலத்தின் ஒரு வரிசைபோல் தெரியும். உருகிய துண்டைச் சுற்றிய வட்ட விரிசலும், குற்றலை புறஊதா ஒளியில் சுண்ணாம்புபோல் வெளிறித் தெரியும் ஒளிர்வும் மற்ற சான்றுகள். சிக்கல் எங்கே என்றால், 1,000 டிகிரிக்குக் கீழே மென்மையாகச் சூடாக்கிய கல்லில் ஊசி கரைந்திருக்காது. அப்போது அகச்சிவப்பு நிறமாலை எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் விடை தெளிவாக வராத கற்கள் உண்டு.

சூட்டை மட்டும் வைத்துக் கல்லைக் குறைசொல்ல வேண்டியதில்லை. நிறம் உள்ளே இருந்த சரக்கிலிருந்து வந்தது, நிலையானது, வெந்நீரிலும் வெயிலிலும் போகாது. விலைதான் வேறு. நல்ல தரத்தில், பெரிய அளவில், சூடு படாத கல்லுக்கும் பட்ட கல்லுக்கும் இடைவெளி மிகப் பெரிது. ராசிக்கல்லாக வாங்குபவர்கள் சூடு படாததுதான் வேண்டும் என்று கேட்பதும் இந்த இடைவெளியைக் கூட்டுகிறது.

வெளியிலிருந்து நிறம் ஏறியபோது

கல்லுக்குள் டைட்டானியம் போதவில்லையென்றால் வெளியிலிருந்து ஏற்றினால் என்ன? 1970களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு இதற்குக் காப்புரிமை வாங்கியது. பட்டை தீட்டிய வெளிர் கல்லை டைட்டானியமும் இரும்பும் கலந்த பொடிக்குள் புதைத்து, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் சூடாக்கினால் நிறம் தோல்போல் ஏறும். ஆழம் அரை மில்லிமீட்டர்கூட வராது. திரும்பப் பட்டை தீட்டினால் உரிந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம்: வெள்ளைக் கிண்ணத்தில் நீர் விட்டுக் கல்லைப் போட்டு மேலிருந்து பாருங்கள். பட்டைகளின் ஓரங்களில் மட்டும் நிறம் கோடுபோல் அடர்ந்து, நடுவில் வெளிறித் தெரிந்தால் சந்தேகப்படவேண்டும்.

2001 கடைசியில் வந்தது இதைவிடப் பெரிய அதிர்ச்சி. தாய்லாந்தின் சந்தபுரியிலிருந்து ஆரஞ்சு, மஞ்சள் நிற நீலக்கற்கள் (சிவப்பு தவிர எந்த நிறக் குருந்தமும் வியாபாரத்தில் நீலக்கல் வகைதான்) கட்டுக்கடங்காமல் சந்தைக்கு வந்தன. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த அரிய பத்பராட்ஷா நிறத்தில்கூட வந்தன. ஆய்வகங்கள் முதலில் சாதாரணச் சூடு என்றே சான்றளித்தன. 2002 ஜனவரியில் அமெரிக்க ரத்தின வணிகர் சங்கம் எச்சரிக்கை விட்டது. கடைசியில் தெரிந்த விஷயம் பெரிலியம். வைடூரியத்தின் கனிமமான கிரிசோபெரிலைக் கல்லோடு மூசையில் போட்டு 1,800 டிகிரி வாக்கில் நெடுநேரம் வைத்தால், அதிலிருந்து வரும் பெரிலியம் குருந்தத்துக்குள் ஊடுருவுகிறது. டைட்டானியத்தைவிட மிகச் சிறிய அணு என்பதால் தோலோடு நிற்காமல் சிறு கல்லில் நடுவரைக்கும் போய்விடும். மடகாஸ்கரின் இளஞ்சிவப்புக் கல் இப்படித்தான் பத்பராட்ஷா ஆனது.

10 லட்சம் அணுக்களில் சில பத்து இருந்தாலே நிறம் மாறிவிடும். அந்த அளவு பெரிலியத்தை அன்று வழக்கமான எந்த ரத்தின ஆய்வகக் கருவியாலும் பார்க்க முடியவில்லை. லேசரால் கல்லில் மயிரிழைக்கும் குறைந்த குழி போட்டு, ஆவியாகும் அணுக்களை எடை பிரித்துப் பார்க்கும் கருவி வாங்கவேண்டி வந்தது. அந்தக் கருவி இல்லாத ஆய்வகம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நீலக்கல்லுக்குத் தரும் 'சூடு மட்டும்' என்ற சான்றை இன்றும் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்கவேண்டும்.

மாணிக்கம் போன பாதை இன்னும் வழுக்கலானது. 1990களின் தொடக்கத்தில் மியன்மாரின் மோங் சூவில் ஏராளமாக மாணிக்கம் கிடைத்தது, ஆனால் நடுவில் கருநீலக் கரு, எங்கும் விரிசல். கருவைச் சூடு போக்கியது. விரிசலுக்கு வெண்காரம் சேர்த்தார்கள். பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம்தான். உருகிய வெண்காரம் விரிசலின் சுவரைக் கரைக்கிறது. கரைந்த அலுமினா ஆறும்போது மறுபடி குருந்தமாகப் படிந்து விரிசலை ஒட்டவைக்கிறது. இடுக்கில் கொஞ்சம் கண்ணாடி மிஞ்சுகிறது. இது நிலையானதுதான். மிஞ்சிய கண்ணாடி எவ்வளவு என்பதைச் சான்றிதழில் எழுதவேண்டும்.

2004இல் டோக்கியோ ஆய்வகத்தார் அறிவித்த சங்கதி வேறு ரகம்: ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். மடகாஸ்கரின் ஆண்டிலமேனாவிலிருந்து வந்த, ஒளி ஊடுருவாத, விரலால் நெரித்தால் உதிர்ந்துவிடும் போன்ற மட்டக் குருந்தம் இதன் மூலப்பொருள். அமிலத்தில் கழுவி, சூட்டில் சுத்தம் செய்து, ஈயம் மிகுந்த கண்ணாடிப் பொடியோடு சுமார் 900 டிகிரியில் வைத்தால் கண்ணாடி உருகி எல்லா விரிசலிலும் பாய்ந்துவிடும். ஈயக் கண்ணாடியில் ஒளி வளையும் அளவு குருந்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால் விரிசல் கண்ணுக்கு மறைந்துபோகிறது. கூழாங்கல்லாக இருந்தது பளிங்குச் சிவப்பாக எழுந்து நிற்கும். இதை மாணிக்கம் என்ற பெயரில் மட்டும் விற்பது எங்கள் பார்வையில் தவறு. கண்ணாடியும் குருந்தமும் சேர்ந்த கலவைப் பொருள் என்றுதான் பல ஆய்வகங்கள் இதற்குச் சான்று எழுதுகின்றன. காரட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு இது. ஆயிரக்கணக்கில் விற்கும் கடைகளும் இல்லாமலில்லை.

நல்ல செய்தி, 10 மடங்கு லூப் (கைக்கு அடக்கமான உருப்பெருக்கி) ஒன்று கையில் இருந்தால் இதை நீங்களே பிடித்துவிடலாம். கல்லை விளக்கொளியில் மெல்ல மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சிவப்புக்குள் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் நீல மின்னல் ஒன்று தகடாக வந்து மறையும். அந்தத் தகட்டுக்குள் தட்டையான அல்லது உருண்டையான காற்றுக் குமிழிகள் இருக்கும். மேற்பரப்பில் ஒளி பிரதிபலிக்கும்படி பிடித்தால், மெருகு குறைந்த மெல்லிய கோடுகள் விரிசல் போன திசையிலெல்லாம் ஓடுவது தெரியும்; கண்ணாடி குருந்தத்தைவிட மென்மையானது என்பதால் அந்த இடம் அதே பளபளப்பு ஏற்காது. எலுமிச்சைச் சாறும் வீட்டுத் துப்புரவு திரவங்களும்கூட நாளடைவில் அந்தக் கண்ணாடியை அரித்து வெள்ளைக் கோடுகளாக்கும்.

மரகதமும் எண்ணெயும்

மரகதத்தில் விரிசல் இல்லாதது அபூர்வம். அதை எண்ணெயில் ஊறவைப்பது நூற்றாண்டுகள் பழைய, வியாபாரம் ஒப்புக்கொண்ட வழக்கம். காற்று நிரம்பிய விரிசல் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தெரியும். செடார் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.51, மரகதத்துடையது 1.57 முதல் 1.58. அருகருகே வருவதால் விரிசல் மங்கிவிடுகிறது. கல்லை அமிலத்தில் சுத்தம் செய்து, காற்றை வெளியேற்றிய கலத்தில் வைத்து, வெதுவெதுப்பான எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். 1980களிலிருந்து எண்ணெய்க்குப் பதிலாக எப்பாக்ஸி ரெசினும் புழக்கத்தில் வந்தது. எண்ணெய் சில வருடங்களில் வற்றும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ரெசின் நெடுநாள் நிற்கும், ஆனால் சில வகை மஞ்சளித்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. சான்றிதழில் மைனர், மாடரேட், சிக்னிஃபிகன்ட் என்று அளவு குறித்திருப்பார்கள். நிறமற்ற எண்ணெய் சரி. ஜெய்ப்பூர்ப் பக்கம் ஜோபன் எண்ணெய் என்று சொல்லும் பச்சைச் சாயமிட்ட எண்ணெய் சரியில்லை.

வைரம்

மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரம் வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கைச் சொல்கிறது. காக்கைக் காலின் தடம்போன்ற பிளவு, கறை, புள்ளி, கோடு. நவீன வைர ட்ரீட்மென்ட் நீக்கப் பார்ப்பது பெரும்பாலும் இந்த நான்கையும் நிறத்தையும்தான்.

கறைக்கும் புள்ளிக்கும் லேசர். 1970 வாக்கில் வந்த முறை இது. வைரத்தின் உள்ளே இருக்கும் கரும்புள்ளியை நோக்கி மயிரிழையைவிட மெல்லிய சுரங்கம் போட்டு, அதன் வழியே அமிலத்தைச் செலுத்திப் புள்ளியைக் கரைத்தோ வெளுத்தோ விடுவார்கள். சுரங்கம் நிரந்தரம், பக்கவாட்டில் லூப்பால் பார்த்தால் நேர்கோடாக நிற்கும். பிளவுக்கும் கோட்டுக்கும் கண்ணாடி. இஸ்ரேலின் ஸ்வி யெஹுதா 1980களில் கொண்டுவந்த முறையில், ஈயம் முதலியவை கலந்த கண்ணாடியை உருக்கி விரிசலுக்குள் ஏற்றுகிறார்கள். சாய்த்துப் பார்த்தால் ஒரு கோணத்தில் ஆரஞ்சும் மறுகோணத்தில் நீலமுமாக மின்னல் வரும். லேசர் போட்ட வைரத்துக்கு அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ தரம் எழுதித்தரும், குறிப்போடு. கண்ணாடி நிரப்பியதற்குத் தரமே எழுதாது, ஏனென்றால் அந்த நிரப்பு நிலைக்காது: நகையைப் பற்றவைக்கும் ஒரு சுடர் போதும், வியர்த்துக் கொட்டிவிடும்.

நிறத்தை மாற்றும் முயற்சியை 1904இல் வில்லியம் குரூக்ஸ் தொடங்கிவைத்தார். வைரத்தை ரேடியம் புரோமைடுக்குள் புதைத்து வைத்தார், பச்சையாகிவிட்டது. கதிர்வீச்சு கார்பன் அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து தட்டிவிடுகிறது. காலியான அந்த இடங்கள் சிவப்பு ஒளியை விழுங்குவதால் பச்சையும் நீலமும் தெரிகின்றன. குரூக்ஸின் வைரங்களில் கதிரியக்கம் இன்னும் இருக்கிறது. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 வருடம். அதனால் அந்த வழி கைவிடப்பட்டது. பிறகு சைக்ளோட்ரானும், அணு உலை நியூட்ரானும், இன்று பெரும்பாலும் எலக்ட்ரான் முடுக்கியும் வந்தன. கதிர் வாங்கிய வைரத்தை 600 முதல் 1,000 டிகிரிவரை சூடாக்கினால் பச்சை போய் மஞ்சள், ஆரஞ்சு, சில வகைகளில் இளஞ்சிவப்பு வரும். டோபாஸை நீலமாக்குவதும் இதே வித்தை. அணு உலையில் நியூட்ரான் வாங்கிய கல்லில் கதிரியக்கம் தணியும்வரை மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாகப் பூட்டிவைத்துத்தான் வெளியே விடவேண்டும்.

104.52 காரட் டீப்டீன் வைரம் 1971இல் ஜெனீவாவில் இயற்கையான பொன்மஞ்சள் என்று ஏலம் போனது. பின்னால் நடந்த சோதனையில் அதன் நிறம் கதிர்வீச்சால் வந்தது என்று தெரிந்து விற்பனை ரத்தானது. பச்சை வைரத்தில் இன்னொரு சங்கடம்: பூமிக்குள் யுரேனியப் பாறைக்குப் பக்கத்தில் கிடந்த வைரமும் இதே காரணத்தால்தான் பச்சையாகிறது. இயற்கையும் ஆய்வகமும் ஒரே வேலையைச் செய்திருப்பதால், சில பச்சை வைரங்களுக்கு 'நிறத்தின் மூலம் தீர்மானிக்க முடியவில்லை' என்றே சான்றிதழ் வரும்.

1999 மார்ச்சில் வைர உலகம் தூக்கம் கெட்டது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் பதப்படுத்திய நிறமற்ற வைரங்களை, லாஸாரே கப்லான் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. முறையின் பெயர் எச்பிஎச்டி: மிகை அழுத்தம், மிகை வெப்பம். பழுப்பு வைரம், அதுவும் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத டைப் 2ஏ வகை, இதற்கு வேண்டும். மொத்த வைரத்தில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். பூமிக்குள் நசுங்கியபோது அணுவரிசை நழுவி, காலியிடங்கள் கொத்தாகச் சேர்ந்ததால் வந்த நிறம் அந்தப் பழுப்பு. 2,000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்தக் கொத்துகள் கலைந்து பழுப்பு மறைகிறது. அந்தச் சூட்டில் வைரம் கிராபைட்டாக, அதாவது பென்சில் கரியாக மாறாமலிருக்கத்தான் 60,000 வளிமண்டல அளவுக்கு அழுத்தம். விரிசல் உள்ள கல்லை வைத்தால் விரிசலின் சுவர் கிராபைட்டாகிக் கறுத்துவிடும். அதனால் இதற்குத் தெளிவான கல்லையே தேர்ந்தெடுப்பார்கள்.

இதில் வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் நிரப்பப்படவில்லை. லூப்பால் பிடிக்க வழியே இல்லை. நிறுவனம் வைரத்தின் இடைவிளிம்பில் லேசரால் 'ஜிஇ பிஓஎல்' என்று பொறித்தது. சிலர் அதைத் தேய்த்து அழித்துவிட்டுச் சான்றிதழுக்கு அனுப்பினார்கள். இன்று ஆய்வகங்கள் முதலில் கல் டைப் 2ஏ தானா என்று பிரிக்கின்றன; இந்த வகை குற்றலை புறஊதா ஒளியை ஊடுருவ விடும் என்பதால் அது எளிது. தேறியதைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து, லேசர் பாய்ச்சி, வரும் ஒளிர்வின் நிறமாலையைப் படிக்கிறார்கள். ஆகவே நிறமற்ற, பெரிய, டைப் 2ஏ வைரத்தைச் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே கூடாது. ஆய்வகத்தில் வாயுவிலிருந்து கார்பனைப் படியவைத்து வளர்க்கும் சிவிடி வைரங்களும் பல பழுப்பாகவே வளர்ந்து, இதே எச்பிஎச்டியில் வெளுக்கப்படுகின்றன. அவற்றின் சான்றிதழில் 'வளர்ப்புக்குப் பின் ட்ரீட்மென்ட்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையிலும் பட்டறையிலும்

கடையில் கேட்கவேண்டியது மூன்று. கல்லுக்கு என்ன செய்திருக்கிறது, அது நிலைக்குமா, அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் முதல் இரண்டுக்கும் விடை இருக்கும். சான்றிதழில் மேலே பெரிதாக எழுதிய 'நேச்சுரல்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். கீழே 'ட்ரீட்மென்ட்' அல்லது 'கமென்ட்ஸ்' என்ற கட்டத்தைப் படியுங்கள். 'நோ இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்' என்றிருந்தால் சூட்டின் அடையாளம் கிடைக்கவில்லை என்று பொருள். அந்தக் கட்டமே இல்லாத, பிளாஸ்டிக் அட்டை அளவுச் சான்றுகளில் ட்ரீட்மென்ட்டைச் சோதித்தார்களா என்பதே தெரியாது.

நகையை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது என்ன கல், என்ன ட்ரீட்மென்ட் என்பதை ஆசாரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சூடு மட்டும் கண்ட நீலமும் மாணிக்கமும் பொதுவாகத் தாங்கும். ஆனாலும் சுடரில் சிவந்த கல்லை நேரே நீரில் போடக்கூடாது, மேலே வெண்காரம் வழியவும் விடக்கூடாது, மேற்பரப்பை அரித்துவிடும். எண்ணெய் ஏறிய மரகதம், கண்ணாடி நிரப்பிய மாணிக்கம், கண்ணாடி நிரப்பிய வைரம் இம்மூன்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பற்றவைக்கவேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி, அமிலக் குளியல் மூன்றும் ஆகாது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பழைய டூத்பிரஷ் போதும். மரகதம் கழுவிய பிறகு வெளிறித் தெரிந்தால் கல் கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். எண்ணெய் போயிருக்கும், மறுபடி ஏற்றித் தருவார்கள்.